சுவீப் டிக்கட் காசு எங்கே போகிறது? கொழும்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொட்டாஞ்சேனையில் எங்கள் வாசிகசாலையில் சனிக்கிழமை காலைகளில் நாங்கள் மூன்று பேர் ஒரு மேசை போட்டு உட்காருகிறோம். ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவிப் படிவம், பல்கலைக்கழக மாணவருக்கான மகாபொல, பர்சரி உதவிப்பணப் படிவங்கள் என்று வருபவர்களுக்கு நிரப்பிக் கொடுப்பது எங்கள் வேலை. பேனாவைக் கையில் எடுப்பதற்குள் ஏதாவது ஒரு கேள்வி வந்துவிடும்: "தம்பி, இது அந்த சுவீப் டிக்கட் காசுதானே?" சுவீப் டிக்கட் என்றால் லொத்தர் சீட்டு. ஆமாம், ஒரு பகுதி அந்தக் காசுதான். அதைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

நான் கொடுக்கும் 40 ரூபாவும் நல்ல காரியத்துக்கா போகிறது?

இல்லை. அந்த 40 ரூபாவில் முதலில் பரிசுக்கான பங்கு கழியும். பெரிய துண்டு அதுதான். அடுத்தது விற்பவருக்கும் முகவருக்கும் கமிஷன். அப்புறம் அச்சுக்கூலி, தொலைக்காட்சியில் காட்டும் சீட்டிழுப்பு, விளம்பரம், லொத்தர் நடத்தும் அரச சபையின் சம்பளம், கட்டட வாடகை. இவ்வளவும் போய் மிஞ்சுவதுதான் அரசுக்கோ நிதியங்களுக்கோ போகிறது. மிஞ்சுவது எவ்வளவு என்பது டிக்கட்டுக்கு டிக்கட், வருடத்துக்கு வருடம் மாறும். சபைகளின் ஆண்டறிக்கையில் அது இருக்கும்.

விலையும் ஒரே இடத்தில் நிற்கவில்லை. நெடுநாள் 20 ரூபா. 2017 ஜனவரியில் 30 ஆக்கினார்கள், விற்பவர்கள் எதிர்த்து நின்றதால் அந்த மாதமே திரும்ப 20 ஆனது. பொருளாதாரம் சரிந்த 2022 இல், ஜூலை மாதம், ஒரேயடியாக 40 ஆனது.

தேசிய லொத்தர் சபை, அபிவிருத்தி லொத்தர் சபை: இரண்டும் ஒன்றா?

இரண்டு வேறு சபைகள். காசு போகும் வழியும் வேறு. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் வாசிக்க நேரம் இருக்கிறது என்றால் இதை வாசியுங்கள்.

தேசிய லொத்தர் சபை 1963 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க நிதிச் சட்டத்தின் கீழ் வந்தது. மகஜன சம்பத, கொவிசெத, மெகா பவர் எல்லாம் அவர்களுடையவை. அவர்களுடைய வருமானம் முதன்மையாகத் திரட்டு நிதியத்துக்கு, அதாவது அரசின் பொதுப் பெட்டிக்குப் போகிறது. வாகன வரியும் பெறுமதி சேர் வரியும் போய்ச் சேருகிற அதே பெட்டி. அங்கே விழுந்த பிறகு எது டிக்கட் காசு, எது வரிக்காசு என்று பிரித்துக் காட்ட யாராலும் முடியாது. ஓர் ஆஸ்பத்திரிக் கட்டிலாகவும் ஆகியிருக்கலாம், ஓர் அமைச்சின் வாகனத்துக்கு டயராகவும் ஆகியிருக்கலாம்.

அபிவிருத்தி லொத்தர் 1980 களில் ஆரம்பித்தது. அதற்கென்று தனிச் சபை அமைத்தது 1997 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம். லக்ன வாசனா, சனிதா, அத கோடிபதி போன்றவை இவர்களுடையவை. இங்கிருந்து போகும் காசுக்கு முகவரி உண்டு: ஜனாதிபதி நிதியம், மகாபொல புலமைப்பரிசில் நம்பிக்கை நிதியம். எங்கள் மேசைக்கு வருபவர்களில் பெரும்பாலானவர்கள் இந்த இரண்டையும் தேடித்தான் வருகிறார்கள்.

டிக்கட்டின் பெயரைப் பார்த்தால் எந்த வேலைக்கு என்று தெரியாதா?

தெரியாது. "கொவிசெத" என்றால் விவசாயியின் நலம், "மகஜன சம்பத" என்றால் மக்கள் செல்வம், "நீரோகா" என்றால் நோயற்ற நிலை. பெயர் மனதைத் தொடும், அதற்காகத்தான் வைக்கிறார்கள். காசு எங்கே போக வேண்டும் என்பதைச் சட்டமும் கணக்கும்தான் சொல்லும். வயதான ஐயா ஒருவர், வெளிமடையில் மரக்கறித் தோட்டம் செய்தவர், கொழும்பில் மகள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து கொவிசெத மட்டுமே வாங்குவார். "நம்ம ஆட்களுக்குப் போகட்டும்" என்பார். அவருடைய நல்ல மனதுக்குச் சபை கணக்குக் காட்டக் கடமைப்பட்டிருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

லொத்தருக்கும் தருமத்துக்கும் இந்த நாட்டில் எப்போது முடிச்சு விழுந்தது?

பழைய ஆட்கள் இன்றும் "சுவீப்" என்றுதான் சொல்வார்கள். தேசிய லொத்தர் சபை வருவதற்கு முன்னரே ஆஸ்பத்திரிகளுக்குக் காசு சேர்க்க ஒரு லொத்தர் நடந்தது. சூதாட்டத்தின் மேல் மக்களுக்கு இருந்த கூச்சத்தை "ஆஸ்பத்திரிக்குத்தானே" என்ற ஒரு சொல் குறைத்தது. பிரித்தானியர் 1844 இலேயே தனியார் லொத்தரை அடக்கக் கட்டளைச் சட்டம் போட்டிருந்தார்கள். தனி ஆளுக்குத் தடை, அரசுக்கு அனுமதி. அந்த அனுமதிக்குச் சொல்லப்பட்ட நியாயம் நல்ல காரியம். அப்படியென்றால் அந்த நல்ல காரியம் நடந்ததா என்று கேட்பது நம்முடைய உரிமை.

ஜனாதிபதி நிதியம் என்ன செய்கிறது? எனக்குக் கிடைக்குமா?

1978 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்தது. வறுமை நிவாரணம், கல்வி வளர்ச்சி, சமயப் பணி, நாட்டுக்குச் சேவை செய்தவர்களுக்கு உதவி, பொது நன்மை என்று அதன் நோக்கங்களைச் சட்டம் அகலமாகவே சொல்கிறது. சாதாரண மக்களுக்குத் தெரிந்த முகம் மருத்துவ உதவி: இருதய சத்திரசிகிச்சை, சிறுநீரக மாற்று, புற்றுநோய்ச் சிகிச்சை போன்ற பெரிய செலவுகள். முழு பில்லையும் கட்ட மாட்டார்கள். நோய்க்கும் சிகிச்சைக்கும் ஏற்ப ஒரு வரம்பு இருக்கிறது, குடும்ப வருமானமும் பார்க்கப்படும்.

முன்பெல்லாம் இதற்குக் கொழும்புக்கே வர வேண்டும். மன்னாரிலிருந்து, பதுளையிலிருந்து இரவு பஸ்ஸில் வந்து, கையெழுத்து ஒன்று குறைகிறது என்று திரும்பிப் போனவர்களை எங்கள் மேசையில் பார்த்திருக்கிறோம். 2025 இன் தொடக்கத்திலிருந்து பிரதேச செயலகங்களிலேயே விண்ணப்பம் ஏற்கிறார்கள். இது பெரிய காரியம். லொத்தர் காசு பற்றி இந்தச் சில வருடங்களில் நடந்த மாற்றங்களில் ஏழை ஒருவனின் வாசற்படி வரை வந்தது இது ஒன்றுதான் என்பேன்.

ஒரு விடயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். சிகிச்சைக்கு முன்னரே விண்ணப்பியுங்கள். போன வருடம் ஓர் அக்கா வந்தார், கையில் ஒரு பிஸ்கட் டின். அதற்குள் கணவரின் அஞ்சியோகிராம் அறிக்கை, தனியார் வைத்தியசாலை பில், அடகுக்கடை ரசீது மூன்று. எல்லாம் திகதி வாரியாக றப்பர் பாண்ட் போட்டு அடுக்கியிருந்தார். தாலிக்கொடி உட்பட அடகில். சத்திரசிகிச்சை முடிந்து இரண்டு மாதம் கழிந்திருந்தது. "இப்படி ஓர் உதவி இருக்கென்று அங்கே யாரும் சொல்லவில்லையே தம்பி" என்றார். அவர் கணவர் இருபது வருடமாகத் தினம் ஒரு டிக்கட் வாங்குபவர்.

அந்த நிதியத்திலிருந்து அரசியல்வாதிகளும் எடுத்தார்களாமே?

2024 டிசம்பரில், ஜனாதிபதி நிதியத்திலிருந்து மருத்துவச் செலவுக்காகப் பணம் பெற்ற அரசியல்வாதிகளின் பட்டியல் பாராளுமன்றத்தில் வெளியிடப்பட்டது. சில தொகைகள் சாதாரண நோயாளிக்கு உள்ள வரம்பைவிடப் பல மடங்கு. எந்தக் கட்சி, யார் என்பது இந்தப் பக்கத்தின் வேலை இல்லை, பத்திரிகைகளில் எல்லாம் வந்தது. எங்களுக்கு வலித்த இடம் ஒன்றுதான். ஆமர் வீதிச் சந்தியில் வெயிலில் நின்று 40 ரூபாவை எண்ணிக் கொடுக்கும் மூட்டை தூக்கும் நாட்டாமைத் தொழிலாளியின் காசு அதிலே இருந்தது. அவனுக்கு ஒரு வரம்பு என்றால் அதே வரம்பு எல்லோருக்கும் இருக்க வேண்டும்.

மகாபொல காசும் லொத்தரிலிருந்தா?

ஒரு பங்கு. அப்போது வர்த்தக அமைச்சராக இருந்த லலித் அத்துலத்முதலி ஆரம்பித்தது மகாபொல. முதலில் ஊர் ஊராக நடந்த வர்த்தகச் சந்தை, பிறகு 1981 ஆம் ஆண்டின் 66 ஆம் இலக்கச் சட்டத்தால் உயர்கல்விப் புலமைப்பரிசில் நம்பிக்கை நிதியம். லொத்தர் வருமானம், நிதியத்தின் முதலீடுகள், திறைசேரி தரும் பங்கு எல்லாம் சேர்ந்துதான் மாணவர் கைக்கு வருகிறது. உயர்தரப் பெறுபேறும் குடும்ப வருமானமும் பார்த்துத் தெரிவு செய்வார்கள். மாதம் 5,000 ரூபாவாக இருந்ததை 2025 வரவு செலவுத் திட்டத்தில் 7,500 ஆக உயர்த்தினார்கள். மகாபொல கிடைக்காதவர்களுக்கான பர்சரி 4,000 இலிருந்து 6,500 ஆனது.

7,500 ரூபா கொழும்பில் என்ன செய்யும்? வெள்ளவத்தையில் ஓர் அறைக்கு முற்பணம்கூடக் கட்ட முடியாது. ஆனால் நுவரெலியாவில் தோட்டத்து லயத்திலிருந்து பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போன ஒரு பிள்ளைக்கு அது சாப்பாட்டுக் காசு. அந்தப் பிள்ளை வீட்டிலிருந்து காசு கேட்காமல் மாதத்தை ஓட்டும்.

லொத்தர் வருமானத்தில் மகாபொலவுக்குச் சேர வேண்டிய பங்கு முறையாகக் கொடுக்கப்பட்டதா என்று, அரச நிறுவனங்களின் கணக்கைப் பார்க்கும் பாராளுமன்றத்தின் கோப் குழு கேட்டிருக்கிறது. எந்த அரசு வந்தாலும் இந்தக் கேள்வியை விடக்கூடாது.

வேறு நாடுகளில் எப்படி?

ஒப்பிடுவதற்கு இரண்டு இடம் போதும்.

பிரித்தானியாவில் தேசிய லொத்தர் 1994 நவம்பரில் தொடங்கியது. அங்கே "நல்ல காரியம்" என்பது சட்டத்தில் எழுதிய பங்கு. அந்தப் பங்கில் 40 வீதம் சுகாதாரம், கல்வி, சுற்றாடல், தொண்டு வேலைகளுக்கு. விளையாட்டு, கலை, மரபுரிமை ஒவ்வொன்றுக்கும் 20 வீதம். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் ஒரே ஒரு தங்கம் எடுத்த அந்த நாடு 2012 இல் லண்டனில் 29 எடுத்தது. இடையில் நடந்தவற்றில் முக்கியமானது, 1997 முதல் லொத்தர் காசு வீரர்களின் பயிற்சிக்கு நேரடியாகப் போனது. அரசு தன் செலவைக் குறைத்துக்கொள்ள இந்தக் காசைப் பயன்படுத்தக் கூடாது, கூடுதலாகத்தான் இருக்க வேண்டும் என்ற கொள்கையும் அங்கே உண்டு. நடைமுறையில் அதை மீறுகிறார்கள் என்று சண்டை நடக்கும். சண்டை போட ஒரு விதி இருப்பதே நல்லது.

மற்றது கேரளா. 1967 இல் அரசே ஒரு லொத்தர் துறை தொடங்கியது. 2011 இல் கே. எம். மாணி நிதியமைச்சராக இருந்தபோது வந்த காருண்யா லொத்தர், புற்றுநோய், இருதயம், சிறுநீரக நோயாளிகளுக்கான நிதியத்துக்கென்றே ஓடியது. டிக்கட் வாங்குபவனுக்கு எங்கே போகிறது என்று தெரியும். பக்கத்திலேயே தமிழ்நாடு 2003 இல் லொத்தரை முழுதாகத் தடை செய்தது. தினக்கூலிக் குடும்பங்கள் சீரழிகின்றன என்பது அங்கே சொன்ன காரணம். சென்னையில் இருக்கும் என் சித்தி இங்கே வந்தால் சந்திக்குச் சந்தி டிக்கட் பலகையைப் பார்த்து முகம் சுளிப்பார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

தருமமாக நினைத்து டிக்கட் வாங்கலாமா?

வேண்டாம் என்பது என் பதில். விளையாட்டாக எப்போதாவது ஒன்று வாங்குகிறீர்களா, சரி. தருமம் செய்ய வேண்டும் என்றால் நேரே செய்யுங்கள். மஹரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கு வெளியூரிலிருந்து வரும் நோயாளியின் கூட வந்தவருக்கு ஒரு நேரச் சாப்பாடு வாங்கிக் கொடுத்தால் முழுக் காசும் அவருக்கே.

கணக்கைப் பாருங்கள். தினம் ஒரு டிக்கட் என்றால் வருடத்துக்கு 14,600 ரூபா. மாதம் 7,500 என்று பார்த்தால், மகாபொல மாணவர் ஒருவரின் இரண்டு மாதப் பணத்துக்கு 400 ரூபாதான் குறைவு. வெல்லும் வாய்ப்பையும் பாருங்கள்: ஓர் ஆங்கில எழுத்தும் 6 இலக்கங்களும் சரியாக விழ வேண்டிய டிக்கட்டில், 26 எழுத்தும் சாத்தியம் என்றால், 2 கோடி 60 இலட்சத்தில் ஒரு வாய்ப்பு. இந்த நாட்டின் மொத்த சனத்தொகையைவிடப் பெரிய எண் அது.

வீட்டில் கடன் வாங்கி டிக்கட் எடுப்பவர் இருந்தால், பிள்ளையின் வான் காசு அதில் போகிறது என்றால், "நல்ல காரியத்துக்குத்தானே" என்ற பேச்சை அங்கே எடுக்கவே வேண்டாம். அவருக்கு உதவி தேவை. பொறுமையாகப் பேசுங்கள், தேவையானால் வைத்தியரிடமும் கூட்டிப் போங்கள்.

விற்பவர்களின் நிலை?

நல்ல காரியம் என்ற பட்டியலில் எழுதாத ஒரு நல்ல காரியம் இது. எங்கள் சந்தியில் ஓர் ஐயா இருக்கிறார். ஒரு கால் இல்லை. மூன்று சில்லு வண்டியில் மரப்பலகை, அதில் குறுக்காகக் கட்டிய நூலில் உடுப்புக் கிளிப் மாட்டி டிக்கட்டுகள். மழை வந்தால் மேலே ஒரு பிளாஸ்டிக் விரிப்பு. பார்வை குறைந்தவர்கள் கேட்டால் இலக்கத்தை வாசித்துச் சொல்வார், சிங்களத்திலும் தமிழிலும். விற்றால்தான் கமிஷன், மாதச் சம்பளம் கிடையாது. இந்த வேலை இல்லையென்றால் அவர் கோயில் வாசலில் கையேந்த வேண்டி வந்திருக்கும் என்று அவரே சொன்னார். கொழும்பில் இப்படி எத்தனையோ பேர். லொத்தரை மூடு என்று சொல்பவர்கள் இவர்களுக்கு என்ன வழி என்றும் சொல்ல வேண்டும்.

முஸ்லிம்கள் மகாபொல வாங்கலாமா? லொத்தர் ஹராம் அல்லவா?

டிக்கட் வாங்குவது சூதாட்டம், கூடாது என்பதில் சந்தேகப்படும் முஸ்லிம் யாரையும் நான் சந்தித்ததில்லை. புலமைப்பரிசில் வேறு கேள்வி, அதில் பல மூலங்களின் பணம் கலந்திருக்கிறது. இதற்குத் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. மருதானையிலிருந்து வந்த ஒரு நானாவிடம் சொன்னதையே சொல்கிறேன்: நீங்கள் நம்பும் ஆலிமிடம் கேளுங்கள், ஆனால் விண்ணப்ப முடிவுத் திகதிக்கு முன்னர் கேளுங்கள்.

உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது என்று வட்ஸ்அப்பில் செய்தி வந்தது.

அழித்துவிடுங்கள். நீங்கள் வாங்காத டிக்கட்டுக்குப் பரிசு விழாது. பரிசு தருவதற்கு முன் "பதிவுக் கட்டணம்" கேட்பவன் கள்ளன். ஓடிபி இலக்கத்தை யாருக்கும் சொல்லாதீர்கள். "ஜனாதிபதி நிதியத்தில் உதவி எடுத்துத் தருகிறேன், இவ்வளவு கொடு" என்று வருபவனும் அதே ரகம்.

உண்மையிலேயே விழுந்தால்?

டிக்கட்டின் பின்னால் உடனே பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் எழுதிக் கையெழுத்து வையுங்கள். கோரும் காலக்கெடு டிக்கட்டிலேயே இருக்கும், தள்ளிப்போடாதீர்கள். 5 இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட பரிசுக்கு 14 வீத வரி பிடிப்பார்கள்.

இந்தக் கணக்குகளை சாதாரண ஆள் கேட்க முடியுமா?

முடியும். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இரண்டு சபைகளுக்கும் பொருந்தும். ஒவ்வோர் அரச நிறுவனத்திலும் ஒரு தகவல் அலுவலர் இருக்க வேண்டும். தமிழில் எழுதலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மேன்முறையீடு, அதற்கு மேல் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கைகளும் பொதுவில் கிடைக்கும், தமிழ்ப் பிரதியும் உண்டு. மொழிபெயர்ப்பு கரடுமுரடாக இருக்கும், அட்டவணையை மட்டும் பார்த்தாலே பாதி விளங்கும்.

கேட்கும்போது குறிப்பாகக் கேளுங்கள். "காசு எங்கே போனது" என்று கேட்டால் பொதுவாக ஒரு பதில் வரும். "இந்த வருடம் மகாபொல நிதியத்துக்கு அனுப்பிய தொகை எவ்வளவு, எந்தத் திகதிகளில்" என்று கேட்டால் எண்தான் வர வேண்டும்.

உங்கள் மேசைக்கு வர என்ன கொண்டு வர வேண்டும்?

மருத்துவ உதவி என்றால்: நோயாளியின் அடையாள அட்டைப் பிரதி, வைத்தியரின் கடிதம், சிகிச்சைக்கான செலவு மதிப்பீடு, கிராம சேவகர் தரும் வருமானச் சான்று, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கப் பிரதி. பிரதேச செயலகம் இன்னும் ஏதாவது கேட்கலாம், அதனால் ஒரு தடவை அங்கே போய்ப் பட்டியலை எடுத்துக்கொண்டு வந்தால் நல்லது. பெயர் ஒரு தாளில் ஒரு மாதிரி, இன்னொன்றில் வேறு மாதிரி எழுதியிருந்தால் அதை முதலிலேயே சொல்லுங்கள். தமிழ்ப் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும்போது வரும் இந்தச் சிக்கலால்தான் அதிகமான படிவங்கள் திரும்பி வருகின்றன. வாசிக்கக் கண்ணாடி போடுபவர் அதையும் மறக்காமல் கொண்டு வாருங்கள். கையெழுத்து வைக்கும் முன் எல்லாவற்றையும் நீங்களே ஒரு தடவை வாசிக்க வேண்டும். காசு எதுவும் வேண்டாம்.